மறுசுழற்சி விழுக்காடு: தராசை எந்த இடத்தில் வைத்து நிறுக்கிறோம்?

எல்லையோரத்தாள் (கொழிஞ்சாம்பாறை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் சாலையில் இருக்கிறது. காலையில் கேரளத்தின் மில்மா பாலும், சந்தை நாளில் தமிழ்நாட்டுக் கிணத்துக்கடவுக் காய்கறியும் வரும் வீடு என்பதால் இரண்டு மாநிலங்களின் உறைகளும் எங்கள் குப்பைக் கூடையில் ஒன்றாகவே விழுகின்றன.

சென்ற மாதம் ஒரு வளாகத்தின் வாசலில் 'இங்கு உருவாகும் கழிவில் 95 விழுக்காடு மறுசுழற்சி செய்யப்படுகிறது' என்று எழுதிய பலகையைப் பார்த்தேன். படித்ததும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் ஒரு கேள்வி எழுந்துவிட்டது: எதில் 95? எடையிலா, பொருள்களின் எண்ணிக்கையிலா, வண்டியில் ஏற்றி அனுப்பியதிலா, உண்மையில் வேறொரு பொருளாக மாறியதிலா?

விடை தெரியாததால் என் வீட்டுக் குப்பையையே 30 நாள் நிறுத்துப் பார்த்தேன். மொத்தம் 42 கிலோ. காய்கறித் தோல், சோறு, வாழையிலை முதலிய ஈரக் குப்பை 30 கிலோ. தாளும் அட்டையும் 3 கிலோ, கண்ணாடி 3 கிலோ, பிளாஸ்டிக் இரண்டரைக் கிலோ, உலோகம் அரைக் கிலோ, பழந்துணி, அறுந்த செருப்பு, குழந்தையின் டயப்பர் போன்றவை 3 கிலோ. இதில் எண்ணெய் பட்ட தாள் நீங்கலாக இரண்டரைக் கிலோ தாளும், உலோகம் முழுவதும், ஒரு கிலோ பாட்டிலும் பால் கவரும் பழைய இரும்புக் கடைக்குப் போயின. கண்ணாடியைக் கடைக்காரர் வாங்கவில்லை. ஈரக் குப்பை எங்கள் தென்னைமரத்துக் குழியில் உரமாகிறது.

இப்போது என் கணக்கைப் பாருங்கள். உரமானதையும் சேர்த்தால் 42இல் 34 கிலோ, அதாவது 81 விழுக்காடு. உரத்தை விட்டுவிட்டுக் கடைக்குப் போனதை மட்டும் மொத்தத்துடன் ஒப்பிட்டால் ஒன்பதரை விழுக்காடு. உலர்ந்த குப்பையான 12 கிலோவை மட்டும் எடுத்துக்கொண்டால் 33 விழுக்காடு. பிளாஸ்டிக்கை மட்டும் பார்த்தால் 40 விழுக்காடு. ஒரே வீடு, ஒரே மாதம், நான்கு எண்கள், நான்கும் பொய்யில்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டும். ஊர்க்கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

-----

வேதியியல் மாஷ் (பாலக்காட்டுச் சித்தூர், ஓய்வு பெற்ற ஆசிரியர்) எழுதியது:

எல்லையோரத்தாள் அவர்களே, நீங்கள் செய்ததை என் மாணவர்களில் ஒருவரும் செய்ததில்லை. பள்ளியில் பின்னம் கற்பிக்கும்போது மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று சொல்வோம். மறுசுழற்சி விழுக்காட்டில் வரும் குழப்பம் முழுவதும் அந்த இரண்டு இடங்களில்தான் இருக்கிறது. தொகுதியில் எதைச் சேர்ப்பது, பகுதியில் எதை விடுவது என்று ஒவ்வொருவரும் தாமாக முடிவு செய்துகொள்கிறார்கள்.

பொருள்வாரியாக நீண்டகாலம் கணக்கெடுத்து வெளியிட்ட நாடு அமெரிக்கா என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன். அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2018ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நகரக் கழிவு மொத்தம் 29 கோடியே 24 லட்சம் அமெரிக்க டன். மறுசுழற்சியும் உரமாக்கலும் சேர்ந்து 32.1 விழுக்காடு என்று அறிவித்தார்கள். உரத்தை எடுத்துவிட்டால் 23.6 விழுக்காடுதான் மிஞ்சும். பாதிக் கழிவு மண்ணில் புதைக்கப்பட்டது. உங்கள் வீட்டில் 81க்கும் ஒன்பதரைக்கும் நடுவே நடந்த அதே விஷயம் அங்கே சிறிய அளவில் நடக்கிறது.

அதே கணக்கைப் பொருள் பொருளாகப் பிரித்தால் அந்த 32.1 என்ற எண் எந்தப் பொருளுக்கும் பொருந்தாதது தெரியும். கார் பேட்டரி 99 விழுக்காடு. அட்டைப்பெட்டி 96.5. தாள் வகை எல்லாவற்றையும் சேர்த்தால் 68.2. தோட்டத்துச் சருகும் புல்லும் 63 விழுக்காடு உரமாகின. டயர் 40. கண்ணாடி 25. துணி 14.7. பிளாஸ்டிக் 8.7 மட்டுமே. உணவுக் கழிவில் உரமானது 4.1 விழுக்காடு.

அதற்குள்ளும் ஒரு படி இறங்க வேண்டும். அலுமினியம் என்று ஒரே வரியில் பார்த்தால் 17.2 விழுக்காடு, குளிர்பான டப்பாவை மட்டும் எடுத்தால் 50.4. காரணம் எளிது. டப்பா டப்பாவாகவே திரும்பி வருகிறது. உணவு சுற்றிய மெல்லிய அலுமினியத் தாள் கறையோடு கசங்கிக் குப்பைக்குள் போய்விடுகிறது, நாற்காலியிலும் பாத்திரத்திலும் உள்ள அலுமினியம் மற்ற பொருள்களோடு பிணைந்து கிடக்கிறது. இரும்பு மொத்தமாக 33.1, தகர டப்பா மட்டும் 70.9. பிளாஸ்டிக் மொத்தமாக 8.7, தண்ணீரும் குளிர்பானமும் வரும் பெட் வகைப் பிளாஸ்டிக் பாட்டில் மட்டும் 29.1. ஆகவே 'அலுமினியத்தின் மறுசுழற்சி விழுக்காடு எவ்வளவு?' என்று ஒருவர் கேட்டால், 'எந்த அலுமினியம்?' என்று திருப்பிக் கேட்பதுதான் முறையான பதில்.

-----

எடைக்கல் (கோபாலபுரம்) எழுதியது:

மாஷ் சொன்ன எண்களை நான் முன்பு பார்த்ததில்லை. ஆனால் 22 ஆண்டுகளாகப் பழைய இரும்புக் கடை நடத்தும் எனக்கு அந்த வரிசை கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய வரிசைதான். மீனாட்சிபுரம் பக்கத்திலிருந்து வருபவர்கள் எங்கள் கடையை ஆக்ரிக் கடை என்பார்கள், பொள்ளாச்சிப் பக்கத்தார் பழைய இரும்புக் கடை என்பார்கள். எந்தப் பெயரில் அழைத்தாலும் மேசைக்கு முதலில் வருவது செம்பு, பித்தளை, அலுமினியம், பிறகு இரும்பு, பிறகு அட்டை. கடைசியாகத்தான் பிளாஸ்டிக்.

தங்கச்சி கேட்ட கேள்விக்கு என் தொழிலிலிருந்து ஒரு பதில். ஒரு பொருள் திரும்பி வருமா என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: அது ஒரே பொருளால் ஆனதா, சுத்தமாக இருக்கிறதா, லாரி வாடகைக்கு மேல் அதற்கு விலை இருக்கிறதா. பேட்டரியில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு ஈயம். அதை யாரும் தெருவில் எறிவதில்லை, புதியது வாங்கும்போது பழையதைக் கொடுத்து விலையைக் குறைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் 99 என்றால் இங்கேயும் பெரிய வித்தியாசம் இருக்காது என்று என் அனுபவத்தில் நம்புகிறேன்.

பெட் பாட்டிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பார்ப்பவர்கள் அதை ஒரு பொருள் என்று நினைக்கிறார்கள். என் கொட்டகையில் இரண்டு பெண்கள் நாள் முழுக்க அதை மூன்றாகப் பிரிக்கிறார்கள். உடல் ஒரு வகை, மூடி வேறு வகை, சுற்றியிருக்கும் லேபிள் மூன்றாவது வகை. மூடிக்குக் கீழே கழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் வளையத்தைச் சிறு கத்தியால் கீறி எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டாலும் அரவை ஆலையில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. பாட்டில் துண்டுகள் அடியில் போய்விடும், மூடித் துண்டுகள் மிதக்கும், மேலாக வழித்தெடுப்பார்கள். சிக்கல் எங்கே என்றால், சில லேபிள்கள் பி.வி.சி.யால் ஆனவை. அவையும் பாட்டிலோடு சேர்ந்து மூழ்கிவிடும். உருக்கும்போது அந்தச் சிறு அளவே முழுச் சரக்கையும் பழுப்பாக்கிவிடும் என்று ஆலைக்காரர் மூட்டையைத் திருப்பி அனுப்புவார். நான் அனுப்பியது 1,000 கிலோ என்று என் நோட்டில் இருக்கும். அவர் ஏற்றுக்கொண்டது எவ்வளவு என்பது அவர் நோட்டில் இருக்கும். தங்கச்சி பார்த்த பலகையில் எந்த நோட்டின் எண் எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

-----

வேதியியல் மாஷ் எழுதியது:

எடைக்கல் சொன்னதற்கு அறிவியல் காரணம் ஒரு வரியில்: மூடிக்குப் பயன்படும் பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் ஆகியவற்றின் அடர்த்தி நீரைவிடக் குறைவு, பெட்டும் பி.வி.சி.யும் நீரைவிட அடர்த்தி மிக்கவை, தம்முள் ஏறத்தாழ ஒரே அடர்த்தி கொண்டவை. ஆகவே நீர்த் தொட்டி முதல் இரண்டைப் பிரித்துக் கொடுக்கும், பின் இரண்டையும் பிரிக்காது.

-----

கூழ்த்தொட்டி (உடுமலை) எழுதியது:

பழைய அட்டையிலிருந்து கிராஃப்ட் தாள் செய்யும் ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். அட்டையின் 96.5 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு அது முழுவதும் மறுபடியும் அட்டையாகிறது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

லாரி எடைமேடையில் ஏறி இறங்கியதும் எங்கள் வேலை தொடங்கும். பேலின், அதாவது அழுத்திக் கட்டிய அட்டை மூட்டையின், நடுவில் கம்பி போன்ற ஈரமானியைக் குத்திப் பார்ப்போம். வெளியே காய்ந்து இருக்கும் பேல் உள்ளே நனைந்திருப்பது மழைக்காலத்தில் வழக்கம்; சில நேரம் கையை விட்டுப் பார்த்தால் விரல் ஈரமாகவே வெளியே வரும். அனுமதித்த அளவுக்கு மேல் ஈரம் இருந்தால் எடையில் கழிப்போம். பிறகு கூழாக்கும் தொட்டியில் போட்டதும் பிளாஸ்டிக் நாடா, பிசின், ஊசி, மணல், எல்லாம் தனியே பிரிந்து வரும். அதைக் கழிவாகவே வெளியே தள்ளுகிறோம். மிக நுண்ணிய நார் நீரோடு போய்விடும். அதனால் எடைமேடையில் 100 கிலோவாக ஏறியது தாளாக 100 கிலோ வெளிவருவதே இல்லை.

நார் தேய்வதும் உண்டு. ஒவ்வொரு முறை கூழாகும்போதும் நார் குட்டையாகிறது. பொதுவாக ஐந்து முதல் ஏழு சுற்றுக்குப் பிறகு அது தாளைத் தாங்காது. எனவே எங்கோ ஓரிடத்தில் புது நார் சேர்ந்துகொண்டே இருக்க வேண்டும். தேநீர்க் கடைத் தாள் குவளைகள் எங்களுக்குப் பெரும் தொல்லை. பார்க்கத் தாள், உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. மக்கள் அதைத் தாளோடு போட்டு மனநிறைவு அடைகிறார்கள். எங்கள் சாதாரணத் தொட்டியில் அது கரையாமல் சுருண்டு மிதக்கிறது.

தராசை எந்த இடத்தில் வைப்பது என்பதற்கு ஐரோப்பா ஒரு நல்ல பாடம். அங்கே பல நாடுகள் சேகரித்துப் பிரித்ததையே மறுசுழற்சி என்று கணக்கு வைத்திருந்தன. 2018இல் திருத்திய சட்டத்தின் கீழ், மறுசுழற்சி ஆலையின் இறுதி வேலைக்குள் நுழையும் எடையைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும் என்று விதி வந்தது. பிளாஸ்டிக் உறைகளின் விழுக்காடு 2019இல் சுமார் 41 ஆக இருந்தது, புதிய முறையில் கணக்கிட்ட 2020இல் சுமார் 38 ஆனது. மக்கள் திடீரென்று பிரிப்பதை நிறுத்திவிடவில்லை. தராசு ஆலை வாசலுக்குள் கொஞ்சம் நகர்ந்தது, அவ்வளவே.

-----

எல்லையோரத்தாள் எழுதியது:

அண்ணா, மாஷ், கூழ்த்தொட்டி, மூவருக்கும் நன்றி. என்னுடைய 40 விழுக்காடு பிளாஸ்டிக் கணக்கு இப்போது ஆட்டம் காண்கிறது. நான் கடைக்குக் கொடுத்ததைத்தான் மறுசுழற்சி என்று எழுதியிருக்கிறேன். தாளின் இரண்டரைக் கிலோவும் அப்படியே. ஒரு கேள்வி மீதி இருக்கிறது: கடைக்குப் போகாத ஒன்றரைக் கிலோ பிளாஸ்டிக்கை மாதம்தோறும் வீட்டுக்கு வரும் ஹரித கர்ம சேனைச் (கேரள ஊராட்சிகளில் வீடு வீடாக உலர்ந்த கழிவு சேகரிக்கும் பெண்கள் குழு) சேச்சிமாரிடம் கொடுக்கிறேன். மிக்சர் பாக்கெட், பிஸ்கட் உறை, ஷாம்பு பொட்டலம். அது எங்கே போகிறது?

-----

பச்சைச் சட்டை (வண்ணாமடை) எழுதியது:

இதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். நான் ஹரித கர்ம சேனையில் இருக்கிறேன். ஊராட்சியில் ஒரு வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் வாங்குகிறோம். சிலர் அதைக் கொடுக்கவே முகம் சுளிக்கிறார்கள், சிலர் உறையைக் கழுவிக் காயவைத்து மடித்துக் கொடுக்கிறார்கள். கழுவிக் கொடுக்கும் வீட்டை நாங்கள் ஒருபோதும் மறப்பதில்லை. மீன் கவரைக் கழுவாமல் முடிச்சுப் போட்டுக் கொடுத்தால் அந்த ஒரு கவரின் நாற்றத்தில் மூட்டை முழுவதும் கெட்டுவிடும். விலை கிடைக்கக்கூடிய பால் கவரும் அதோடு சேர்ந்து விலையில்லாமல் போய்விடும்.

சேகரிப்பு மையத்தில் மேசையின் இருபுறமும் நின்று பிரிப்போம். பால் கவர் தனி, கெட்டிப் பிளாஸ்டிக் தனி, பாட்டில் தனி. இவற்றுக்கு விலை வரும், அந்தப் பணம் எங்களுக்குள் பகிரப்படும். மிக்சர் பாக்கெட்டின் கதை வேறு. அதன் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தால் உள்ளே வெள்ளி போல மின்னும் ஒரு படலம் தெரியும். மேலே அச்சிட்ட ஒரு படலம், நடுவே அலுமினியப் பூச்சு, உள்ளே இன்னொரு படலம். மூன்றையும் நம்மால் பிரிக்க முடியாது, எந்த வியாபாரியும் எடுப்பதில்லை. அவற்றைக் கட்டி, தள்ளுபடிக் கழிவு என்று எழுதி, லாரியில் ஏற்றுகிறோம். பெரும்பாலும் சிமெண்ட் ஆலைச் சூளைக்குப் போகிறது என்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அங்கே நிலக்கரியோடு எரிகிறது.

மூட்டைக்கு எடை உண்டு, ரசீது உண்டு. எனக்கு மனதில் உறுத்துவது ஒன்றுதான். பால் கவரும் மிக்சர் பாக்கெட்டும் மாத அறிக்கையின் ஒரே கூட்டுத்தொகையில் சேர்ந்துவிடுகின்றன.

-----

வேதியியல் மாஷ் எழுதியது:

பச்சைச் சட்டைச் சகோதரியின் கடைசி வாக்கியம்தான் இந்த இழையின் மையம் என்று கருதுகிறேன்.

இந்தியச் சட்டம் இந்த இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. 2022 பிப்ரவரியில் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளோடு சேர்க்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு வழிகாட்டுதல்களில், மறுசுழற்சி என்பது பிளாஸ்டிக்கை மீண்டும் பொருளாக்குவது. சிமெண்ட் சூளையில் எரிப்பது, எண்ணெயாக்குவது, சாலை போடுவது ஆகிய மூன்றும் 'ஆயுள் முடிவு அகற்றல்' என்ற தனித் தலைப்பின் கீழ் வருகின்றன. கெட்டிப் பிளாஸ்டிக், ஒற்றைப் படல நெகிழி, பல்லடுக்கு உறை என்று வகை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கும் இருக்கிறது. 2024-25க்கு மறுசுழற்சியின் குறைந்தபட்ச அளவு கெட்டிப் பிளாஸ்டிக்குக்கு 50 விழுக்காடு, மற்ற இரண்டுக்கும் 30 விழுக்காடு. 2027-28இல் அது முறையே 80, 60, 60 ஆக வேண்டும். பல்லடுக்கு உறைக்கு 60 என்பது நகத்தால் கீறிப் பார்த்த யாருக்கும் எவ்வளவு கடினமான இலக்கு என்று புரியும்.

பிளாஸ்டிக் கலந்த தார்ச்சாலையைக் குறைத்துச் சொல்லவில்லை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் வாசுதேவன் அந்த முறைக்காக 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். குப்பைமேட்டில் கிடப்பதைவிடச் சாலையில் பயன்படுவது எவ்வளவோ மேல். ஆனால் சாலைக்குள் போன உறை மறுபடி உறையாக வராது. அதைத் தனிக் கட்டத்தில் எழுதுவதுதான் நேர்மை.

இன்னொரு சொல் வேறுபாட்டையும் கவனியுங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 60 நகரங்களில் செய்த ஆய்வில், பிளாஸ்டிக் கழிவில் ஏறத்தாழ 94 விழுக்காடு வெப்பத்தால் மீண்டும் உருக்கத்தக்க வகை என்று கண்டறிந்தது. அதைச் சிலர் '94 விழுக்காடு மறுசுழற்சி' என்று மேடையில் சொல்லிவிடுகிறார்கள். உருக்கத்தக்கது வேறு, உருக்கப்பட்டது வேறு. உலக அளவில் 2017இல் வெளியான ஓர் ஆய்வு, 2015 வரை உருவான 630 கோடி டன் பிளாஸ்டிக் கழிவில் 9 விழுக்காடு மறுசுழற்சியானது, 12 விழுக்காடு எரிக்கப்பட்டது, 79 விழுக்காடு புதைகுழியிலோ வெளியிலோ கிடக்கிறது என்று கணக்கிட்டது. அந்த 9 என்பதும் அறுபத்தைந்து ஆண்டுகளின் கூட்டுக் கணக்கு. ஆண்டுக் கணக்கு என்று எடுத்துக்கொண்டால் பிழை.

-----

புளியரை வாசி (செங்கோட்டை) எழுதியது:

தாமதமாக வருகிறேன். பாலக்காட்டு எல்லையைப் போலவே எங்கள் எல்லையிலும் இந்தக் கணக்குக்கு ஒரு முகம் உண்டு. 2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் கொடகநல்லூர், நடுக்கல்லூர் பகுதிகளில் கேரளத்திலிருந்து வந்த மருத்துவக் கழிவு கொட்டப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு மூன்று நாளில் அகற்றச் சொன்னது, கேரளத்தார் லாரிகளோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள்.

இரு மாநில மக்களுக்கு நடுவே பகை வளர்க்க இதைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பெண் கொடுத்ததும் எடுத்ததும் ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம்தான். சொல்ல வருவது இது: கழிவு ஓர் ஊரின் வாசலைத் தாண்டியதும் அந்த ஊரின் நோட்டில் 'ஒப்படைக்கப்பட்டது' என்று ஒரு வரி முடிந்துவிடுகிறது. ஒப்படைக்கப்பட்டது எங்கே இறங்கியது என்பது அடுத்த ஊரின் வரப்பில் தெரிகிறது. தராசு ஆலை வாசலில் இருந்தால் இந்த வரி முடிவடையாமல் நிற்கும்.

-----

எல்லையோரத்தாள் எழுதியது:

உண்மை. கண்ணாடிக்கு வருகிறேன். கண்ணாடியை எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறைவதில்லை என்று படித்திருக்கிறேன். அப்படிப்பட்ட பொருளை அண்ணன் ஏன் வாங்குவதில்லை? என் 3 கிலோ இன்னும் கொல்லையில் சாக்கில் இருக்கிறது.

-----

எடைக்கல் எழுதியது:

வாங்க மனமில்லாமல் இல்லை, தங்கச்சி. கண்ணாடி கனம் அதிகம், விலை குறைவு. உடைந்தால் அட்டை பேலுக்குள் சில்லு புகுந்துவிடும், பிரிக்கும் பெண்களின் கை கிழியும். ஒருமுறை கிழிந்து நான்கு தையல் போட வேண்டியிருந்தது, அன்றோடு கலப்புக் கண்ணாடி எடுப்பதை நிறுத்தினேன். வெள்ளை, பச்சை, பழுப்பு என்று நிறம் பிரித்தால்தான் ஆலை எடுக்கும். இங்கிருந்து கண்ணாடி உருக்கும் ஆலைக்கு லாரி வாடகை கொடுத்தால் கையில் ஒன்றும் நிற்காது.

ஆனால் முழு பாட்டில் என்றால் கதை மாறும். முழு பாட்டிலை உருக்க வேண்டியதே இல்லை, கழுவி மறுபடி நிரப்பலாம். நீலகிரியில் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2022இல் மதுபாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. யானை நடக்கும் காட்டில் உடைந்த பாட்டில் கிடக்கக் கூடாது என்பதற்காக வந்த முறை அது. பத்து ரூபாய் கொடுத்தால் தரையில் கிடக்கும் பாட்டிலையும் யாரோ ஒருவர் குனிந்து எடுப்பார். விலை இல்லாத பொருளுக்கு விலை வைத்தது அந்தப் பத்து ரூபாய்தான்.

-----

கூழ்த்தொட்டி எழுதியது:

எடைக்கல் சொல்வதற்குப் பெரிய அளவிலான சான்று ஜெர்மனி. 2003 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் அங்கே வைப்புத்தொகை. இப்போது 25 சென்ட். கிட்டத்தட்ட எல்லாமே திரும்பி வருகின்றன. அமெரிக்காவில் 2018இல் பெட் பாட்டில் 29 விழுக்காட்டில் நின்றதற்கும் இதற்கும் பிளாஸ்டிக்கின் வேதியியலில் எந்த வேறுபாடும் இல்லை.

உருக்குவதில் கிடைக்கும் லாபமும் பொருளுக்குப் பொருள் மாறுகிறது. பழைய அலுமினியத்தை உருக்கினால் தாதுவிலிருந்து எடுப்பதைவிட ஏறத்தாழ 95 விழுக்காடு ஆற்றல் மிச்சம். கண்ணாடியில் உடைசல் ஒவ்வொரு 10 விழுக்காடு சேரும்போதும் 2 முதல் 3 விழுக்காடுதான் மிச்சம். ஆகவே எடையில் பெரிதாக இருக்கும் கண்ணாடி ஒரு ஊரின் விழுக்காட்டை உயர்த்திக் காட்டும். எடையே இல்லாத அலுமினிய டப்பா அந்த எண்ணில் தெரியவே தெரியாது. எடையை மட்டும் பார்க்கும் கணக்கின் குறை இது.

-----

எடைக்கல் எழுதியது:

பேட்டரியைப் பற்றி நான் முன்பு எழுதியதில் ஒரு பகுதியை விட்டுவிட்டேன், அது இரண்டு நாளாக மனதை அரித்துக்கொண்டிருக்கிறது.

சொந்தக் கடை வைப்பதற்கு முன்பு ஓரிடத்தில் வேலை பார்த்தேன். அங்கே பேட்டரியைக் கோடாலியால் உடைப்போம். அமிலத்தைக் கொட்டகைக்குப் பின்னால் மண்ணில் ஊற்றுவோம். ஈயத் தகட்டைத் தகர அடுப்பில் உருக்கி, கட்டியாக வார்ப்போம். அந்த ஈயம் முழுவதும் மறுபடி பேட்டரியாகத்தான் போயிற்று, விழுக்காட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அமிலம் ஊற்றிய இடத்தில் எருக்குகூட முளைக்கவில்லை. மாலையில் என் சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கியிருக்கிறேன். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது, குழந்தையின் மூளையைத்தான் முதலில் பிடிக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைப் பல ஆண்டு கழித்துத்தான் அறிந்தேன். 2001லேயே பேட்டரிக்கு விதிகள் வந்துவிட்டன, 2022இல் புது விதிகளும் வந்தன. இப்போது நான் வாங்கும் பேட்டரியை உடைப்பதில்லை. மூடி கழற்றாமல், சாய்க்காமல், பதிவு பெற்ற ஆலைக்கு மட்டும் அனுப்புகிறேன். விலை கொஞ்சம் குறைவாகத்தான் கிடைக்கிறது.

99 என்ற எண்ணைப் பார்த்து யாரும் அதுவே முதலிடம் என்று கை தட்டிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதினேன்.

-----

பச்சைச் சட்டை எழுதியது:

அண்ணா, இதை எழுதியதற்கு மிகவும் நன்றி. எங்கள் மையத்தில் அடுத்த வாரப் பேச்சில் இதைச் சொல்லப் போகிறேன். சிலர் வீட்டில் பழைய இன்வெர்ட்டர் பேட்டரியின் நீரைக் கொட்டிவிட்டுக் கொடுக்கிறார்கள்.

-----

வேதியியல் மாஷ் எழுதியது:

ஊர்க்கூட்டத்துக்கு முன் ஒரு சிறு விஷயம். எல்லையோரத்தாள் அவர்களே, உங்கள் தென்னையிலிருந்து விழும் தேங்காயின் மட்டையை நிறுத்தீர்களா?

-----

எல்லையோரத்தாள் எழுதியது:

நிறுக்கவில்லை மாஷ். மட்டையைக் கயிறு ஆலைக்காரர் வந்து எடுத்துப் போகிறார், சிரட்டையைக் கரிக்காக வாங்குபவர் தனி. அது குப்பை என்றே எனக்குத் தோன்றவில்லை.

-----

வேதியியல் மாஷ் எழுதியது:

அதனால்தான் கேட்டேன். பொள்ளாச்சி முழுவதும் மட்டையில் வாழ்கிறது, ஆனால் எந்த ஊராட்சியின் மறுசுழற்சி விழுக்காட்டிலும் அது வராது. குப்பை என்று பெயர் பெறுவதற்கு முன்பே விலை பெற்றுவிட்ட பொருள் பகுதியிலும் இல்லை, தொகுதியிலும் இல்லை. தெருத் தெருவாக வந்து இரும்பும் தாளும் வாங்கிப் போகும் சைக்கிள்காரரின் சரக்கும் அப்படியே. நம் ஊர்களில் மிகச் சிறப்பாக நடக்கும் மறுசுழற்சி அரசுக் கணக்குக்கு வெளியே நடப்பதால், மிச்சமிருக்கும் கணக்கு உள்ளதைவிட மோசமாகத் தெரியும். மட்டையையும் சேர்த்து எழுதிவிட்டால் அதே கணக்கு உள்ளதைவிடச் சிறப்பாகத் தெரியும். இரண்டில் எதைச் செய்தாலும், செய்ததை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

-----

எல்லையோரத்தாள் எழுதியது:

கூட்டத்தில் நான் ஒரே ஒரு விழுக்காட்டைச் சொல்லப் போவதில்லை. என் 42 கிலோவைப் பொருள்வாரியாகக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு கட்டம் வைக்கப் போகிறேன்: வீட்டில் நிறுத்தது, கடையோ சேனையோ எடுத்தது, ஆலை ஏற்றுக்கொண்டது, எரிந்தது அல்லது புதைந்தது. ஈரக் குப்பையைத் தனியே எழுதுவேன், 81 என்று சேர்த்துச் சொல்ல மாட்டேன். முதல் இரண்டு கட்டங்களை என்னால் நிரப்ப முடியும். நான்காவதற்குப் பச்சைச் சட்டைச் சேச்சியின் ரசீது இருக்கிறது. மூன்றாவதற்கு எண் இல்லை. அண்ணா, ஆலை திருப்பி அனுப்பிய மூட்டைகளையும் ஈரத்துக்குக் கழித்த எடையையும் உங்கள் நோட்டில் எழுதி வைத்திருக்கிறீர்களா? பார்க்க அனுமதிப்பீர்களா?

-----

எடைக்கல் எழுதியது:

மூன்று ஆண்டு நோட்டு இருக்கிறது, கழித்த எடை சிவப்பு மையில் இருக்கும். ஞாயிறு காலை அட்டை லாரி கிளம்பியதும், பத்து மணிக்கு மேல் வாருங்கள் தங்கச்சி. கூழ்த்தொட்டித் தம்பியும் வந்தால் அவருடைய ஆலை எங்களுக்குக் கழித்த கணக்கோடு ஒத்துப் பார்த்துவிடலாம். வரும்போது அந்த 3 கிலோ கண்ணாடியில் உடையாத பாட்டிலை மட்டும் நிறம் பிரித்து எடுத்து வாருங்கள். பழைய பாட்டில் வாங்கும் ஒருவர் அன்று ஆனைமலையிலிருந்து வருகிறார்.